மூலக்கூறு அதிர்வை ஃபோட்டானால் கணக்கிடலாமா? வந்த கேள்விகளும் என் பதில்களும்

மூலக்கூறுக்கும் ஒளிக்கும் என்ன சம்பந்தம்?

மூலக்கூறில் அணுக்கள் அதிர்ந்துகொண்டே இருக்கும். அந்த ஆற்றல் குவாண்டம் எனும் சிறு சிறு பொட்டலங்களாகத்தான் ஏறும், இறங்கும். அதிர்வுக் குவாண்டமும் போசான் (ஒரே நிலையில் எத்தனை வேண்டுமானாலும் சேரக்கூடிய வகை), ஒளித்துகளான ஃபோட்டானும் போசான். இரண்டுக்கும் கணிதம் ஒன்றே. அதனால் ஓர் அதிர்வு வகைக்கு ஓர் ஒளிப்பாதை வைத்தால் போதும். நீருக்கு 3, ஃபார்மிக் அமிலத்துக்கு 9, பென்சீனுக்கு 30.

சரி சார், ஆய்வகத்தில் என்னதான் செய்வார்கள்?

ஒளியை உறிஞ்சிய மூலக்கூறின் வடிவமும் அதிர்வெண்களும் மாறும். பழைய அதிர்வுகள் ஒன்றோடொன்று கலந்து புது அதிர்வுகளாகும். இதையெல்லாம் ஒளியில் நகலெடுப்பார்கள்: அதிர்வெண் மாற்றத்துக்கு ஸ்க்வீஸ்டு ஒளி (ஒரு பண்பின் குவாண்டம் இரைச்சலை இன்னொன்றின் செலவில் குறைத்த ஒளி), கலப்புக்கு ஒளிக்கற்றைகளைப் பிரித்துச் சேர்க்கும் ஒளிபிரிப்பான்கள், வடிவ மாற்றத்துக்கு லேசர் கொண்டு ஒளி அலையில் ஓர் இடப்பெயர்ச்சி. கடைசியில் ஒவ்வொரு பாதையிலும் ஃபோட்டான்களை எண்ணுவார்கள். நீருக்கு '2, 0, 1' என்று வந்தால், முதல் அதிர்வில் இரண்டு குவாண்டம், மூன்றாவதில் ஒன்று. அந்தந்த அதிர்வெண்ணால் பெருக்கிக் கூட்டினால் நிறமாலையில் (எந்த ஆற்றலில் மூலக்கூறு எவ்வளவு ஒளியை உறிஞ்சும் என்று காட்டும் வரைபடத்தில்) ஒரு புள்ளி கிடைக்கும். ஆயிரக்கணக்கில் திரும்பச் செய்தால் நிறமாலையே எழும்பி வரும். வேதியியல் ஆய்வாளர்களான ஜூன்சுக் ஹூவும் ஆலன் அஸ்புரு-குசிக்கும் சகாக்களோடு 2015இல் முன்வைத்த வழி இது. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த யோசனை.

வழியில் ஃபோட்டான் தொலைந்தால்?

ஆற்றல் குறைவாகப் பதிவாகும், நிறமாலை கோணிப்போகும். பெரிய தலைவலியே அதுதான்.

அப்படியானால் சூப்பர் கணினியை மிஞ்சியாகிவிட்டதா?

இல்லை. விளம்பரங்களை அப்படியே நம்ப வேண்டாம். ஒவ்வொரு ஃபோட்டான் வரிசையின் நிகழ்தகவையும் துல்லியமாகக் கணக்கிடுவது சாதாரணக் கணினிக்கு மிகக் கடினம், உண்மைதான். ஆனால் நிறமாலைக்கு அவ்வளவு விவரம் தேவையில்லை; மொத்த ஆற்றல் தெரிந்தால் போதும். அதிர்வுகளை ஸ்பிரிங் போல எளிமைப்படுத்தினால், அதே துல்லியத்தைச் சாதாரணக் கணினியிலேயே பெற முடியும் என்று 2024இல் காட்டிவிட்டார்கள். நிஜப் பிணைப்புகள் அவ்வளவு ஒழுங்கான ஸ்பிரிங் இல்லை. ஒளிக்கு மேல்கை கிடைக்க வாய்ப்பிருப்பது அங்கேதான் என்பது என் கணிப்பு. ஆனால் அதற்கு ஃபோட்டான்கள் ஒன்றையொன்று பாதிக்க வேண்டும். அவையோ லேசில் பாதிக்காது.

எலக்ட்ரான்களை இப்படிச் செய்ய முடியாதா?

நேரடியாக முடியாது, அவை ஃபெர்மியான்கள்; போசான்களைப் போல ஒரே நிலையில் ஒன்றுக்கு மேல் சேராது. கியூபிட்டாக (குவாண்டம் கணினியின் அடிப்படைத் தகவல் அலகாக) மாற்றி எழுதித்தான் செய்ய வேண்டும். 2010இல் இரண்டு ஃபோட்டான் கியூபிட்டுகளை வைத்து ஹைட்ரஜன் மூலக்கூறின் ஆற்றலைக் கணக்கிட்டார்கள். 2014இல் ஒளிச் சில்லு ஒன்று ஹீலியம் ஹைட்ரைடு அயனியைக் கையாண்டது. மாறுபாட்டு முறை (குவாண்டம் கருவி ஆற்றலை அளக்க, சாதாரணக் கணினி அமைப்புகளை மாற்றி மாற்றி மிகக் குறைந்த ஆற்றலைத் தேடுவது) என்று இன்று எல்லோரும் பயன்படுத்துவது அந்தச் சோதனையிலிருந்து வந்ததுதான்.