மோட்டாரில் ஆராய்ச்சியா? காயில் கட்டும் அப்பாவுக்கு ஒரு பதில்

அண்ணா, வணக்கம்.

அன்னூர் பக்கம் முப்பது வருடமாக, கருகிய மோட்டாருக்குப் புதிதாகக் காயில் (கம்பிச் சுற்று) கட்டித் தரும் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறீர்கள். பாப்பா மூன்றாம் ஆண்டு ட்ரிபிள் இ (மின் பொறியியல்) படிக்கிறாள். கூடப் படிக்கிறவர்கள் கோடிங் பயிற்சிக்குப் போக, இவள் மட்டும் மேல்படிப்புக்கான கேட் தேர்வு எழுதி மோட்டாரில் ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்று நிற்கிறாள். "நான் கருகின வார்னிஷ் வாசத்தோடு வாழ்ந்தது போதாதா? மோட்டாரில் இனிமேல் கண்டுபிடிக்க என்னங்க இருக்கிறது?" என்று எழுதியிருந்தீர்கள். சம்பளம், வயது, கல்யாணம் என்று மற்ற கேள்விகளும் இருந்தன. எனக்கு முக்கியமாகப் பட்டது இந்தக் கேள்விதான், அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

இதற்கான பாதிப் பதில் உங்கள் கடையிலேயே கிடக்கிறது. இப்போது டிரைவ் (மோட்டாரின் வேகத்தை மாற்றும் மின்னணுப் பெட்டி) போட்டு ஓட்டும் மோட்டார்கள் அதிகம் வருகின்றன இல்லையா? சோலார் பம்ப் வந்த பிறகு இன்னும் கூடியிருக்கும். அப்படி வந்த சிலவற்றில் காயில் முழுக்கக் கருகாமல், ஆரம்பச் சுற்றுகளில் மட்டும் ஊசி குத்தியதுபோல் ஓட்டை விழுந்து ஷார்ட் ஆகியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். டிரைவ் தருகிற மின்சாரம் ஈபி கரன்ட் மாதிரி மெதுவாக ஏறி இறங்குவதில்லை. நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை பட்டென்று ஏறும், பட்டென்று விழும். உங்கள் ஊரில் போர்வெல் ஆயிரம் அடிக்கு மேல். அவ்வளவு நீளக் கேபிளில் போகும் அந்த வோல்டேஜ் அலை மோட்டாரில் மோதித் திரும்பும்போது முனையில் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிடும். அந்த அடியை முதலில் வாங்குவது ஆரம்பச் சுற்றுகள்தான். இதைத் தாங்கும் இன்சுலேஷன் எது, நடுவில் எப்படிப்பட்ட ஃபில்டர் வைத்தால் போதும், அதை விவசாயி வாங்கக்கூடிய விலையில் எப்படிச் செய்வது என்பதில் இன்றைக்கும் உலகம் முழுக்க ஆராய்ச்சி நடக்கிறது.

மில் மோட்டாரில் இன்னொன்று பார்த்திருப்பீர்கள். பேரிங்கைக் கழற்றினால் உள்வளையத்தில் துணி துவைக்கும் பலகை மாதிரி வரிவரியாகக் கோடு இருக்கும். கிரீஸ் சரியில்லை என்று பல இடங்களில் சொல்லிவிடுவார்கள். டிரைவில் ஓடுகிற மோட்டார் என்றால் காரணம் பெரும்பாலும் வேறு. ஷாஃப்டில் தேங்குகிற வோல்டேஜ் பேரிங்கின் எண்ணெய்ப் படலத்தைக் கிழித்துக்கொண்டு பொறியாகப் பாய்கிறது. இதுவும் ஒரு ஆராய்ச்சித் தலைப்பு. இதில் மட்டும் பிஎச்.டி. முடித்தவர்கள் இருக்கிறார்கள்.

உங்கள் தொழிலையே எடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். பழைய காயிலைப் பிடுங்க, அது சுற்றியிருக்கும் ஸ்டேட்டரை (மோட்டாரின் சுழலாத வெளிப்பகுதி) நெருப்பில் போடுவது வழக்கம். சூடு அளவு மீறினால் அதன் கோரில் அடுக்கியிருக்கும் இரும்புத் தகடுகளுக்கு நடுவில் இருக்கும் மெல்லிய பூச்சு போய்விடும். அப்புறம் எவ்வளவு சுத்தமாகக் காயில் கட்டினாலும் அந்த மோட்டார் கூடுதல் கரன்ட் தின்னும். ரீவைண்ட் செய்தால் மோட்டாரின் திறன் குறையத்தான் செய்யும் என்ற பேச்சு உண்மையா என்று அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இருக்கும் ரீவைண்டிங் தொழில் சங்கங்களே சேர்ந்து சோதித்து 2003இல் முடிவை வெளியிட்டன. கோரின் சூட்டைக் கட்டுப்படுத்தி, பழைய கம்பி அளவையும் சுற்றையும் மாற்றாமல் கட்டினால் திறன் குறைவதில்லை என்பதுதான் முடிவு. கடையில் கட்டை அடுக்கி எரிக்கிறீர்களா, ஓவன் வைத்திருக்கிறீர்களா என்று தெரியவில்லை. எதுவானாலும் பாப்பாவிடம் இதைக் கேட்டுப் பாருங்கள், அவள் படித்திருப்பாள்.

காந்தம் இன்னொரு பக்கம். மின்சார ஸ்கூட்டர் மோட்டாரில் இருப்பது பெரும்பாலும் நியோடிமியம் காந்தம். 2025 ஏப்ரலில் சீனா சில அரிய மண் தனிமங்களுக்கும் அவற்றைச் சேர்த்துச் செய்யும் இந்த மாதிரிக் காந்தங்களுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு கொண்டுவந்ததும், நம் ஊர் வண்டிக் கம்பெனிகள் வரை திண்டாடின. காந்தமே இல்லாத ரிலக்டன்ஸ் மோட்டாரும், மலிவான ஃபெர்ரைட் காந்தம் போட்ட மோட்டாரும் திடீரென்று எல்லோர் வாயிலும் வந்தது அப்போதுதான். 1937இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மோட்டார் செய்துகாட்டிய கோயமுத்தூரில் உட்கார்ந்துகொண்டு மோட்டாரில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்டதைப் படித்துக் கொஞ்சம் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும்.

டிரான்ஸ்பார்மர், ஹை வோல்டேஜ் பக்கமும் வேலை நிறைய இருக்கிறது. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகளூருக்கு 800 கிலோவோல்ட்டில் 6,000 மெகாவாட் கொண்டுவரும் லைன் ஓடுகிறது. அதற்கான கருவிகளையும் இன்சுலேஷனையும் புரிந்தவர்கள் இங்கே வேண்டும். ஆனால் பாப்பாவின் மனம் மோட்டாரில் இருக்கிறது, அதனால் அந்தப் பக்கம் நான் இழுக்கவில்லை.

சரி, பணத்துக்கு வருவோம். கேட் தேர்ச்சியோடு எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. பிஎச்.டி.யில் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, அப்புறம் 42,000. ஹாஸ்டல் இல்லாவிட்டால் வாடகைப்படியும் உண்டு. ஐஐடிகளிலும் ஐஐஎஸ்சியிலும் பி.இ. முடித்தவுடன் நேராக பிஎச்.டி. சேரவும் வழி இருக்கிறது. ஆனால் ஐந்து வருடம் போகும். அந்த ஐந்து வருடத்தில் ஐடிக்குப் போன தோழி இவளைவிட அதிகமாகச் சம்பாதித்திருப்பாள், ஒரு வீட்டுக்கு முன்பணம்கூடக் கட்டியிருப்பாள். இதை மறைத்துப் பேசும் ஆலோசகரை நம்பாதீர்கள். அதே சமயம் உங்கள் கையிலிருந்து பெரிதாகப் பணம் போகாது. கடன் வாங்க வேண்டிய படிப்பில்லை இது.

முடித்த பிறகு எங்கே? கல்லூரி வாத்தியார் வேலை மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். பெங்களூரில் சி.பி.ஆர்.ஐ. என்ற மத்திய மின்சக்தி ஆராய்ச்சி நிறுவனம் 1960லிருந்து இருக்கிறது. பெல் நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவு ஹைதராபாத்தில். (திருச்சி பெல்லில் பாய்லர்தான் செய்கிறார்கள். மோட்டார், டிரான்ஸ்பார்மர் எல்லாம் போபால் மாதிரி வேறு ஊர்களில். பாதிப் பெற்றோர் இதைக் குழப்பிக்கொண்டு "திருச்சியிலேயே கிடைக்குமா" என்று கேட்பார்கள்.) ஆவடியில் டாங்கி வடிவமைக்கும் டி.ஆர்.டி.ஓ. (ராணுவ ஆராய்ச்சி அமைப்பு) ஆய்வகம், ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் மின்சார வண்டிக் கம்பெனிகள், சென்னையில் ஹிட்டாச்சி எனர்ஜியின் தொழில்நுட்ப மையம், உங்கள் ஊரைச் சுற்றியுள்ள பெரிய பம்ப் கம்பெனிகளின் ஆர் அண்ட் டி பிரிவுகள். இடங்கள் ஐடி மாதிரி ஆயிரக்கணக்கில் இல்லை. வருகிறவர்களும் குறைவு.

எனக்கு இதில் ஒரே ஒரு பயம்தான், அதை பாப்பாவிடம் சொல்லிவிடுங்கள். மோட்டார் ஆராய்ச்சி என்று பெயர் வைத்துவிட்டு நாலு வருடமும் கம்ப்யூட்டரில் மேட்லாப் சிமுலேஷன் மட்டும் ஓட்டி முடிக்கிறவர்கள் ரொம்பப் பேர். மோட்டார் சூடாகும், அதிரும், சத்தம் போடும். அதையெல்லாம் கையால் தொட்டுப் பார்க்காத பிஎச்.டி.க்கு இன்டர்வியூவில் மதிப்பில்லை. என்னிடம் வந்த ஒரு பையன், கல்லூரியின் பெயர் வேண்டாம், ஐந்தாவது வருடத்தில்தான் தன் லேபில் மோட்டாரை லோடு கொடுத்து ஓட்ட டைனமோமீட்டரே இல்லை என்று புலம்பினான். காசு கட்டினால் கட்டுரை போடும் பத்திரிகையில் இரண்டு கட்டுரை வேறு. ஆகவே சேருவதற்கு முன்னால் லேபுக்குள் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். மோட்டார் இருக்கிறதா, ஓடுகிறதா, யார் ஓட்டுகிறார்கள்? அங்கே ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியரிடம், அதாவது கெய்டிடம், கடைசியாக முடித்த மூன்று பேர் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்? அவர்களில் ஒருவரிடமாவது அவள் போனில் பேச வேண்டும். நல்ல கெய்டு இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். முகம் சுளிக்கிறவரிடம் ஐந்து வருடம் இருக்கவும் வேண்டாம்.

கேட் மதிப்பெண் மூன்று வருடம் செல்லும், அதனால் முதல் முறை சரியாக வராவிட்டால் தலை கவிழ்ந்துவிடாது. சென்னை ஐஐடியில் எம்.எஸ்., ஐஐஎஸ்சியில் எம்.டெக். ரிசர்ச் என்ற படிப்புகள் இருக்கின்றன. அவற்றில் பாடத்தைவிட ஆராய்ச்சி அதிகம். நேராக பிஎச்.டி.யில் குதிக்கத் தயங்குகிற பிள்ளைக்கு நான் இதைத்தான் சொல்வேன். வேண்டாம் என்று தோன்றினால் அந்தப் பட்டத்தோடு வெளியே வந்து வேலைக்குப் போகலாம். இந்தக் கோடையில் சென்னை ஐஐடியின் சம்மர் ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பிக்கட்டும். இரண்டு மாதம் லேபில் இருந்தால் இது தனக்கு ஒத்துவருமா என்று அவளுக்கே தெரிந்துவிடும்.

கல்யாணம் பற்றிக் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை அண்ணா. அதை அவளிடம்தான் கேட்க வேண்டும். பிஎச்.டி.க்கு நடுவில் கல்யாணம் செய்துகொண்டு முடித்தவர்களும் உண்டு, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

இறுதியாண்டு ப்ராஜெக்டை இணையத்தில் விலைக்கு வாங்கும் பழக்கம் உங்கள் பக்கமும் இருக்கும். பாப்பாவுக்கு அது தேவையில்லை, வீட்டிலேயே லேப் இருக்கிறது. ஒரு பேஸ் போனதால் கருகியதா, ஓவர்லோடா, தண்ணீர் இறங்கியதா என்று காயிலைப் பார்த்ததுமே நீங்கள் சொல்லிவிடுவீர்கள். இதையே மோட்டாரைப் பிரிக்காமல், அது இழுக்கும் கரன்ட்டின் வடிவத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியுமா என்பது பெரிய ஆராய்ச்சித் துறை. ரோட்டாரில் (மோட்டாரின் சுழலும் பகுதி) இருக்கும் பாரில் விரிசல் விட்டிருந்தால் அந்தக் கரன்ட்டில் அதற்கென்று ஒரு தடம் தெரியும். கடைக்கு வரும் மோட்டார்களில், ஓடும் நிலையில் இருப்பவற்றைப் பிரிப்பதற்கு முன் அவள் கரன்ட்டைப் பதிவு செய்யட்டும். பிரித்த பின் என்ன பழுது என்று நீங்கள் சொல்லுங்கள், பக்கத்தில் எழுதிக்கொள்ளட்டும். ஆறு மாதத்தில் நாற்பது மோட்டார் சேர்ந்தால்கூட அந்த நோட்டை எடுத்துக்கொண்டு எந்தப் பேராசிரியர் முன்னாலும் போய் நிற்கலாம்.

அப்புறம், டிரைவில் ஓடிக் கருகிய சப்மர்சிபிள் (போர்வெல்லுக்குள் இறக்கும் மோட்டார்) அடுத்த முறை வந்தால், காயிலைப் பிடுங்குவதற்கு முன்னால் அவளுக்கு ஒரு போன் போடுங்கள். எந்தச் சுற்றில் ஓட்டை விழுந்திருக்கிறது என்று முதலில் போட்டோ எடுத்துக்கொள்ளட்டும்.