நுவரெலியால வீணாப் போற மரக்கறியில நானோ செல்லுலோஸ் எடுக்கலாமா? இல்ல தேயிலைக் கழிவுதான் நல்லதா? வீட்டுல செய்ய ஏலுமா?

எடுக்கலாம், செடி நாரை நானோமீட்டர் (மில்லிமீட்டர்ல பத்து லட்சத்துல ஒரு பங்கு) கணக்குல மெல்லிசாப் பிரிச்சா அதுதான் நானோ செல்லுலோஸ். ஆனா என்னைக் கேட்டா தேயிலைய விட்டுட்டு கரட்டுல தொடங்குங்க. நம்ம பக்கம் யாரு ப்ரொஜெக்ட் செஞ்சாலும் நேரா பெக்டரிக்குப் போய் ரிபியூஸ் டீ, தண்டுனு அள்ளிட்டு வந்துடுறாங்க, அதுல லிக்னினும் (நாரை இறுக்கிப் பிடிக்கிற மரப் பசை) சாயமும் கூட, கோஸ்டிக் சோடால அவிச்சு பெரொக்சைட்ல வெளுத்து கழுவிக் கழுவியே கை ஓஞ்சிடும். கரட்டுல லிக்னின் கொஞ்சந்தான், நாரை ஒட்டி வச்சிருக்கிற பெக்டின கழட்டிட்டா நார் லேசா பிரியும். ஸ்கொட்லாந்துல செலுகொம்ப்னு ஒரு கம்பெனி கரட்டுல இருந்தே 'கரன்'னு ஒரு பொருள் செஞ்சு தூண்டில் கம்புல போட்டுப் பாத்து, அப்புறம் பெயின்ட்டுக்குக் கொண்டு போனாங்க. நம்ம ஆளுங்க விலை விழுந்தா தோட்டத்துலயே உழுது விடுறாங்க!

வழி ரெண்டு. ஒண்ணு அசிட் வழி: சுத்தமாக்கின செல்லுலோஸ 64% சல்பூரிக் அசிட்ல 45 பாகையில முக்கா மணித்தியாலம் கிட்ட வச்சா ஒழுங்கில்லாத பகுதி கரைஞ்சு படிகம் மட்டும் மிஞ்சும், தடிப்பு 5 - 20 நானோமீட்டர், நீளம் 100 - 300 இருக்கும். அதை பத்து மடங்கு குளிர்ந்த தண்ணியில ஊத்தி நிப்பாட்டி சென்ட்ரிபியூஜ்ல (வேகமா சுத்திப் பிரிக்கிற மெஷின்) போட்டு, மேல தண்ணிய மாத்தி மாத்தி சுத்தணும். முதல்ல எல்லாம் அடியில படியும், மேல தண்ணி தெளிவா நிக்கும், அசிட் போகப் போக மேல தண்ணி பால் மாதிரி கலங்கி படியவே மாட்டேங்கும், அப்ப சரி வந்துட்டுனு அர்த்தம். ஒவ்வொரு படிகத்துலயும் சல்பேட் ஒட்டி மறை ஏற்றம் வர்றதால ஒண்ண ஒண்ணு தள்ளுது. பழைய கல்குலேட்டர்ல கழட்டின போலரைசர் (ஒளிய ஒரே திசையில மட்டும் விடுற தாள்) ரெண்ட குறுக்கா பிடிச்சு நடுவுல அந்தப் போத்தல ஆட்டிப் பாருங்க, கலர் கலரா ஓடும்.

மத்தது அரைக்கிற வழி. அசிட் வேணாம், ஆனா ஹை பிரஷர் ஹோமோஜனைசர் (நார்க் கூழ பெரிய அழுத்தத்துல சின்ன இடுக்கால தள்ளிப் பிரிக்கிற மெஷின்) வேணும், கரண்ட் பில்லும் ஏறும். ரெண்டு வீதம் நார், மிச்சம் தண்ணி, அதுவே கெட்டியா ஜெல்லா நிக்கும்.

யாரும் பேசாத கஷ்டம் இந்தத் தண்ணிதான். காயவச்சா நாரெல்லாம் ஐதரசன் பிணைப்புல ஒட்டிக்கும், திரும்பத் தண்ணி ஊத்தினா பழைய மாதிரி பிரியாது. காயவைக்காம கொழும்புக்கு அனுப்பினா லொறி நிறைய தண்ணிக்குத்தான் கூலி. அதனால ஈரமாவே பாவிக்கிற வேலை பாக்கணும், பெயின்ட், பேப்பர், மை அப்படி. ஜப்பான்ல யூனிபோல் சிக்னோ 307 பேனா மையில இதப் போட்டிருக்காங்க. இதுல செய்யுற பிலிம் ஒட்சிசன நல்லா தடுக்கும், ஆனா ஈரப்பதம் கூடினா அந்த வேலை விட்டுப் போயிடும், அதனால நம்ம மூடுபனிக்கு தேயிலை பெக்கட்டுக்கு இது மட்டும் சரிவராது.

வீட்டுலயா? 64% அசிட லயத்து குசினிக்குள்ள கொண்டு வராதீங்க தம்பி. வீட்டு பிளெண்டர்ல அடிச்சா பெரும்பாலும் அதைவிடத் தடிச்ச மைக்ரோ நார்தான் வரும், நல்ல நானோ வராது. பேராதனை கேம்பஸ்ல கெமிஸ்ட்ரி படிக்கிற யாரையாவது பிடிச்சு லெப்ல செய்ய ஏலுமானு கேளுங்க. ஸ்கூல் ப்ரொஜெக்ட்னா பிளெண்டர் கூழ பழைய பேப்பர் கூழோட கலந்து தாள் செஞ்சு, கலக்காத தாளையும் வச்சு, ரெண்டுலயும் பாரம் தொங்க விட்டு எது முதல்ல கிழியுதுனு பாருங்க.