உளவுத்துறையில் பணிபுரிபவர்கள் வீட்டாரிடம்கூட உண்மையைச் சொல்ல மாட்டார்களா?

உங்கள் வீட்டில் ஒருவர் அத்தகைய பணியில் சேர்ந்திருக்கிறார் அல்லது சேரப்போகிறார் என்று கேள்வியிலிருந்து ஊகிக்கிறேன். சொல்ல மாட்டார்கள் என்பதே என் பதில். என் அப்பா முப்பது ஆண்டுகளுக்கு மேல் அப்படியொரு துறையில் இருந்தார். அது எந்தத் துறை என்று எழுத, அவர் மறைந்த பிறகும் எனக்கு மனம் வரவில்லை. பள்ளிப் படிவத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் 'மத்திய அரசுப் பணி' என்று மட்டுமே எழுதிப் பழகியவள் நான்.

1988இல் கும்பகோணத்தில் தாத்தா காலமானார். அப்பா தலைப்பிள்ளை. எங்களிடம் இருந்த ஒரே தில்லி முகவரிக்குத் தந்தி கொடுத்தோம்; செய்தி சேர்ந்துவிட்டது என்று யாரோ ஒருவர் பக்கத்து வீட்டுத் தொலைபேசியில் அம்மாவிடம் சொன்னதோடு சரி. மறுநாள் மதியம் வரை பொறுத்துப் பார்த்த பெரியவர்கள் இனியும் வைத்திருக்க முடியாது என்று சொல்லிவிட, சித்தப்பாதான் கொள்ளி வைத்தார். கருமாதிக்கும் அப்பா வரவில்லை. இரண்டு மாதம் கழித்து உடல் இளைத்து வந்தவர், கூடத்தில் தாத்தாவின் படத்துக்கு எதிரே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாரே தவிர, எங்கே இருந்தார் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதன்பின் சித்தப்பா அவரோடு பேசவேயில்லை. வடக்கே அவருக்கு வேறொரு குடும்பம் இருக்கிறது என்றுகூட உறவுக்குள் பேச்சு எழுந்தது. அம்மா அதையும் கேட்டுக்கொண்டு, கல்யாண வீடுகளுக்குத் தனியாகப் போய்வந்தார்.

இரகசியமே கூடாது என்று நான் சொல்வதாக எவரும் பொருள் கொள்ள வேண்டாம். ஓர் அதிகாரியின் பெயர் வெளிப்பட்டால், அவரை நம்பி அயல்நாட்டில் தகவல் தந்தவர்களின் உயிருக்கும் ஆபத்து என்பதை நான் நன்கறிவேன். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 24ஆம் பிரிவின்படி, ஊழல் மற்றும் மனித உரிமை மீறல் புகார்கள் நீங்கலாக, உளவு அமைப்புகளுக்கு விலக்கு அளித்திருப்பதும், துறைத் தலைவரின் முன் அனுமதியின்றித் துறை சார்ந்தவற்றை வெளியிடும் அதிகாரிகளின் ஓய்வூதியம் பறிபோகலாம் என்று 2021இல் விதி திருத்தப்பட்டதும் அந்தக் காரணத்தால்தான் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

என் மனக்குறை வேறு. அப்பாவுக்காவது மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் இருந்தன. அதிகாரிகளால் அமர்த்தப்பட்டு எல்லை தாண்டும் ஒற்றர்களுக்கு அதுவும் இல்லை. உளவுப் பணிக்காகப் பாகிஸ்தானுக்கு அனுப்பப்பட்டு 1976இல் அங்கே பிடிபட்டதாகக் கூறிய ராஜஸ்தான் அஞ்சல் ஊழியர் ஒருவர், சிறைவாசம் முடிந்து ஊர் திரும்பியபோது, நீண்டகாலம் வராததைக் காரணம் காட்டி அவரை ஏற்கெனவே வேலையிலிருந்து நீக்கியிருந்தார்கள். தனக்கும் அவருக்கும் தொடர்பே இல்லை என்று அரசு வாதிட்டது. உச்ச நீதிமன்றம் அவர் கூற்றின் உண்மைக்குள் போகாமல், 2022இல் கருணைத்தொகையாகப் பத்து லட்சம் ரூபாய் வழங்கச் சொன்னது. அவர் சொன்னது உண்மையா என்று தீர்ப்பளிக்க நான் யார்? ஆனால் அந்தச் செய்தியைப் படித்த அன்று அவருடைய வீட்டாரை நினைத்து வெகுநேரம் அழுதேன்.

அமெரிக்காவின் சிஐஏ தலைமையகச் சுவரில், பணியில் இறந்த ஒவ்வொருவருக்கும் ஒரு நட்சத்திரம் செதுக்கியிருக்கிறார்கள். அதன் கீழுள்ள ஏட்டில், பெயரை வெளியிட முடியாதவர்களுக்கு நட்சத்திரத்தை மட்டும் இட்டுப் பெயருக்குரிய இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறார்கள். அந்த அமைப்பின் செயல்களை நான் ஆதரிக்கவில்லை. பெயரைச் சொல்லாமலும் ஒருவரை மதிக்க முடியும் என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

அப்பா எந்த ஊரில் இருந்தார், யாரைச் சந்தித்தார் என்பவை எங்களுக்குத் தேவையே இல்லை. தாத்தா இறந்த அன்று அவர் அரசுப் பணியில் இருந்தார், வர இயலாத நிலையில் இருந்தார் என்று ஒரு வரி, சித்தப்பா உயிரோடு இருந்தபோது அவர் கைக்குக் கிடைத்திருந்தால் போதும்.