திரையில் தெரியும் 14 லட்சம்: கிரிப்டோ மோசடி பற்றி வாசகர் கேள்விகள்

இந்த முறை கேள்விகள் எல்லாமே கிரிப்டோ பற்றியவை. ஊர் மட்டும் போட்டிருக்கிறேன், பெயர்களை விட்டுவிட்டேன். நேற்றோ இன்றோ பணம் அனுப்பிவிட்டு, இப்போது சந்தேகம் வந்து இதைப் படிப்பவர் யாராவது இருந்தால், மீதியை அப்புறம் படிக்கலாம். முதலில் 1930-க்கு போன் போடுங்கள். சைபர் மோசடிக்கான அரசு உதவி எண் அது.

வாட்ஸ்அப்பில் நம்பர் மாறி வந்த மெசேஜ் மூலம் ஒரு பெண் அறிமுகமானார். மூன்று மாதப் பழக்கம். அவர் சொன்ன டிரேடிங் ஆப்பில் 2,80,000 ரூபாய் போட்டேன். இப்போது 14 லட்சம் காட்டுகிறது. எடுக்கப் போனால், லாபத்துக்கு 30 சதவீத வரியாக 3,36,000 ரூபாயை முதலில் கட்டச் சொல்கிறார்கள். கட்டினால் பணம் வந்துவிடுமா? (ஈரோடு)

வராது. தயவுசெய்து கட்டாதீர்கள்.

'வரி' என்று சொன்னால் அரசாங்க விஷயம் என்று மனசு நம்பிவிடுகிறது. அந்த 30 சதவீதம் உண்மையிலேயே இருப்பதால்தான் இந்தப் பொய் எடுபடுகிறது. கிரிப்டோ லாபத்துக்கு 2022 ஏப்ரல் முதல் இந்தியாவில் அந்த வரி உண்டு. ஆனால் அதை நீங்கள்தான், உங்கள் பான் எண்ணில், வருமான வரித்துறைக்கு நேரடியாகக் கட்டுவீர்கள். இங்கே முறையாக நடக்கும் எக்ஸ்சேஞ்ச் (கிரிப்டோ வாங்கி விற்கும் தளம்), விற்ற தொகையில் 1 சதவீதத்தை டி.டி.எஸ். என்ற முன்வரியாகப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்துவிடும். 'வெளியிலிருந்து பணம் கொண்டுவந்து கட்டு, அப்புறம்தான் உன் பணத்தைத் தருவேன்' என்று அது சொல்லாது. இப்போது வரி என்பார்கள். கட்டினால் அடுத்து 'கணக்கு சரிபார்ப்பு டெபாசிட்', அதற்கடுத்து 'தாமதக் கட்டணம்' என்று கேட்டுக்கொண்டே போவார்கள்.

அந்த 14 லட்சம் அவர்கள் டைப் செய்த எண். இதே நிலையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என்னிடம் வந்தார். ஆப்பில் பிட்காயின் விலை நிஜச் சந்தையில் உள்ளபடியே ஏறி இறங்கியது. சார்ட் அத்தனை அழகு. நான் அவருடைய பாஸ்புக்கைக் கேட்டேன். ஆறு முறை பணம் போயிருந்தது, ஆறும் வேறு வேறு பெயருக்கு. ஒன்று ஏதோ டிரேடர்ஸ், இன்னொன்று யாரோ ஒருவருடைய சேமிப்புக் கணக்கு. ஒரே எக்ஸ்சேஞ்சுக்கு எதற்கு ஆறு பேர் கணக்கு? அந்தப் பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே அவர் வெகுநேரம் பேசவில்லை. ஆரம்பத்தில் அவர் கேட்டதும் 5,000 ரூபாய் திரும்ப வந்திருக்கிறது. அது தூண்டிலில் குத்திய புழு.

இப்போது செய்ய வேண்டியது: 1930-ல் சொல்லிவிட்டு, தேசிய சைபர் கிரைம் இணையதளத்திலும் புகாரைப் பதியுங்கள். ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் வங்கி தரும் யு.டி.ஆர். எண்ணும் வேண்டும். ஆப்பையும் சாட்டையும் கோபத்தில் அழித்துவிடாதீர்கள், அவைதான் சாட்சி. பணம் வங்கிக் கணக்குகளுக்குள் இருக்கும்வரை முடக்க வழி உண்டு. யு.எஸ்.டி.டி.யாக (டெதர் நிறுவனம் வெளியிடும், டாலர் மதிப்பை ஒட்டிய கிரிப்டோ) மாறி வெளியே போய்விட்டால் கஷ்டம். அப்போதும் அது போய்ச் சேர்ந்த வாலட்டின் (கிரிப்டோவை வைத்திருக்கும் டிஜிட்டல் பை) முகவரி கையில் இருந்தால் விடாதீர்கள். போலீஸ் கேட்டால் டெதர் நிறுவனத்தால் அந்த யு.எஸ்.டி.டி.யை முடக்க முடியும்.

'ஏமாந்துவிட்டேனே' என்று எழுதியிருந்தீர்கள். உங்களோடு பேசியது ஒரே ஆள் என்று நினைக்காதீர்கள். கம்போடியா, மியான்மர் பக்கம் அடைத்துவைத்த வளாகங்களில் ஷிஃப்ட் போட்டு இதைச் செய்கிறார்கள். ஐ.டி. வேலை என்று அழைத்துப்போய் இதில் தள்ளப்பட்டு, 2022-ல் மியான்மரின் மியாவாடியிலிருந்து மீண்டு வந்தவர்களில் தமிழ்நாட்டுப் பையன்களும் இருந்தார்கள்.

இழந்த கிரிப்டோவை மீட்டுத் தருவதாக ஒருவர் டெலிகிராமில் சொல்கிறார். 15,000 ரூபாய் முன்பணம் கேட்கிறார். (திருநெல்வேலி)

அதே கும்பல், அல்லது அவர்களிடம் உங்கள் நம்பரை வாங்கிய கும்பல். பிளாக் செய்யுங்கள். புகார் கொடுக்க அரசாங்கத்துக்கு ஒரு பைசாவும் கட்ட வேண்டியதில்லை.

சித்தப்பா ஒரு திட்டத்தில் சேரச் சொல்கிறார். மாதம் 10 சதவீதம், ஆள் சேர்த்தால் கமிஷன். கல்யாண மண்டபத்தில் கூட்டமெல்லாம் போட்டார்கள். அவருக்கு ஆறு மாதமாகப் பணம் வருகிறதே? (சேலம்)

வரும். உங்களைப் போல அடுத்து சேருபவரின் பணம்தான் அவருக்கு வருகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 10 சதவீதம் கூட்டு வளர்ச்சியில் 1 லட்சம் ஐந்தே வருடத்தில் 3 கோடியைத் தாண்டும். அப்படி ஒரு தொழில் இருந்தால் அதை நடத்துபவர் மண்டபம் பிடித்து ஆள் தேடுவாரா? கெயின் பிட்காயின் என்று ஒன்று இந்தியா முழுக்க ஓடியது. 18 மாதத்துக்கு மாதம் 10 சதவீதம் என்றார்கள். 2018-ல் அதன் தலைவர் கைதானார். பிட்கனெக்ட்டும் இதே ரகம். 2018 ஜனவரியில் கடையை மூடியது. அமெரிக்க அரசுத் தரப்பு சொன்ன மோசடித் தொகை 240 கோடி டாலர். 2023-ல் அங்கே ஒரு நீதிமன்றம் சுமார் 800 பேருக்குத் திருப்பித் தர உத்தரவிட்டது 1.7 கோடி டாலர்தான்.

சித்தப்பாவிடம் மரியாதையாகவே மறுத்துவிடுங்கள். அவர் கெட்டவர் இல்லை, நம்புகிறார், அவ்வளவுதான். ஆனால் 2019-ல் வந்த முறைப்படுத்தப்படாத டெபாசிட் தடைச் சட்டத்தில், இப்படிப்பட்ட திட்டத்துக்கு ஆள் பிடிப்பவரும் மாட்டுவார் என்பதை யாராவது அவருக்குச் சொல்ல வேண்டும். அந்த யாராவது நீங்களாகவே இருங்கள்.

கஸ்டமர் கேர் என்று ஒருவர் வாலட்டின் 12 வார்த்தைகளைக் கேட்கிறார். (மதுரை)

அந்த 12 வார்த்தைகள்தான் வாலட்டைத் திறக்கும் ரகசியச் சாவி. அவை யாரிடம் இருக்கின்றனவோ அவருடையதுதான் வாலட். பெற்ற பிள்ளை கேட்டாலும் யோசிக்க வேண்டிய விஷயம், கஸ்டமர் கேரா? ஏற்கனவே சொல்லியிருந்தால் உடனே புது வாலட் தொடங்கி எல்லாவற்றையும் அதற்கு மாற்றுங்கள்.

பி2பி-யில், அதாவது எக்ஸ்சேஞ்ச் வழியாக இன்னொரு ஆளுக்கு நேரடியாக, யு.எஸ்.டி.டி. விற்றேன். மறுவாரம் என் வங்கிக் கணக்கு முடங்கிவிட்டது. வேறு மாநிலப் போலீஸ் என்கிறார்கள். நான் என்ன தப்பு செய்தேன்? (கோயம்புத்தூர்)

உங்களிடம் வாங்கியவர் கொடுத்தது யாரோ ஒருவரிடம் ஏமாற்றிய பணமாக இருந்திருக்கும். அந்தப் பணம் போன தடத்தில் உங்கள் கணக்கும் வந்துவிட்டது. வங்கியில் புகார் எண்ணையும் காவல் நிலையத்தின் பெயரையும் எழுத்தில் வாங்குங்கள். ஆர்டர் எண், சாட், யு.எஸ்.டி.டி. போன பதிவு எல்லாவற்றையும் இணைத்து அந்த அதிகாரிக்கு மனு அனுப்புங்கள். முழுக் கணக்கையும் முடக்காமல், சர்ச்சைக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைக்கும்படி கேளுங்கள். இனிமேல் விற்றால், எக்ஸ்சேஞ்சில் உள்ள பெயரும் பணம் அனுப்பும் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். 'மச்சான் கணக்கிலிருந்து அனுப்புகிறேன்' என்றால் ஆர்டரை ரத்து செய்யுங்கள்.

அப்பா தன் ஓய்வூதியப் பணத்தை ஒரு கிரிப்டோ ஆப்பில் போட்டுவருகிறார். சொன்னால் கோபப்படுகிறார். (தஞ்சாவூர்)

'இது மோசடி அப்பா' என்று ஆரம்பித்தால் அவர் ஆப்பின் பக்கம் சாய்ந்துவிடுவார். நிறைய வீடுகளில் பார்த்துவிட்டேன். அவருக்கு அங்கே காலை வணக்கம் சொல்ல ஆள் இருக்கிறது, 'சார்' என்று மதிப்பாகப் பேசுகிறார்கள். அதையும் சேர்த்துத்தான் நீங்கள் பிடுங்கப் பார்ப்பதாக அவருக்குத் தோன்றும்.

வாதம் வேண்டாம், ஒரே ஒரு உதவி கேளுங்கள். 'அப்பா, வீட்டுக்கு அவசரமாகப் பணம் வேண்டும், அதிலிருந்து எல்லாவற்றையும் எடுத்துத் தாருங்கள், அடுத்த மாதம் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.' கொஞ்சமாகக் கேட்டால் கொடுத்துவிடுவார்கள், அவர் நம்பிக்கை இன்னும் கூடிவிடும். அதனால் முழுத் தொகையையும் கேட்க வேண்டும். அவர் பட்டனை அழுத்தும்போது பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். பதிலுக்கு ஏதாவது கட்டணம் கேட்டு மெசேஜ் வந்தால், நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம். அவரே படிக்கட்டும். அதன்பின் போனை அவர் கையிலேயே கொடுத்து 1930-ஐ அழுத்தச் சொல்லுங்கள்.