கழுத்து இறுக்கமும் தூக்கமின்மையும்: மன்னார்குடி நண்பருக்கு

வணக்கம். அரிசி ஆலையில் கணக்கு பார்ப்பதாகவும், சாயங்காலத்துக்குள் கழுத்தும் தோளும் கல்லாக இறுகிவிடுவதாகவும், படுத்தால் மனசு ஓடிக்கொண்டே இருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். யோகா வீடியோவை மூன்றே நாளில் விட்டதற்கு வருத்தப்படாதீர்கள். திரையைப் பார்த்துக்கொண்டே செய்தால் கவனம் உடம்பில் நிற்காது.

ஹரித்ரா நதி தெப்பக்குளம் உங்கள் ஊரில்தானே இருக்கிறது? காலையில் செல்போனை வீட்டில் வைத்துவிட்டு அதன் கரையில் மெதுவாக நடங்கள். குதிகால் தரையில் பதிவது, எடை விரல்களுக்கு நகர்வது, இதை மட்டும் கவனியுங்கள். மூன்று அடிக்கு மூச்சை இழுத்தால் ஐந்து அடிக்கு விடுங்கள். மூச்சை வெளியே விடும்போது இதயத்துடிப்பு இயல்பாகவே சற்றுக் குறையும். அதனால்தான் நீளமாக விடச் சொல்கிறேன். மனசு கணக்குப் புத்தகத்துக்கு ஓடும். ஓடட்டும், திரும்பக் காலுக்குக் கொண்டுவாருங்கள்.

அப்புறம், ஆலையில் நாற்காலியில் இருந்தபடியே தோள்களைக் காதுவரை தூக்கி, ஐந்து எண்ணும்வரை இறுக்கி, சட்டென்று தளர விடுங்கள். அப்போது தோளில் ஒரு வெதுவெதுப்பு பரவும், அதைத் தவறவிடாதீர்கள். எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் 1920களில் பரப்பிய தசைத் தளர்வு முறையிலிருந்து வந்தது இது. சம்பா அறுவடைச் சமயத்தில் நாள் முழுக்கத் தாடையை இறுக்கியபடி இருந்திருக்கிறேன் என்பதே இதைச் செய்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

கை மரத்துப்போனாலோ வலி கைக்கு இறங்கினாலோ முதலில் டாக்டரைப் பாருங்கள். சரி, இரண்டு வாரம் செய்துவிட்டுத் தூக்கம் எப்படி என்று எழுதுங்கள்.