பழைய அம்பாசிடரில் எலெக்ட்ரிக் ஃபேன் போட்டாயிற்று. எந்த ஸ்விட்ச் வாங்குவது?

உங்கள் வண்டி 1979 அம்பாசிடர், பெட்ரோல், இன்னும் டைனமோதான். பெல்ட் ஃபேனைக் கழற்றிவிட்டு எலெக்ட்ரிக் ஃபேன் மாட்டியிருக்கிறீர்கள். அது தானாக ஓடி தானாக நிற்க எந்த ஸ்விட்ச் சரிப்படும் என்று கேட்டிருக்கிறீர்கள். என்னிடம் இருப்பது அப்பா வாங்கிய 1978 மார்க் 3. இதே வேலையை நான் இரண்டு முறை செய்ய வேண்டியதாயிற்று என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ரேடியேட்டர் ஃபேன் ஸ்விட்ச்சின் மேல் 92–87 என்பதுபோல இரண்டு எண்கள் பொறித்திருக்கும். தண்ணீர் 92 டிகிரியைத் தொட்டால் ஃபேன் ஓடும், 87-க்கு இறங்கினால் நிற்கும். வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதல் எண்ணைத்தான் கேட்கிறார்கள். நீங்கள் இரண்டாவது எண்ணைப் பாருங்கள். ஸ்விட்ச்சை ரேடியேட்டரின் மேல் பக்கம் மாட்டுவதானால், அது உங்கள் தெர்மோஸ்டாட் (என்ஜின் சூடானதும் தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு) திறக்கும் சூட்டைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும்.

இது எனக்குப் புரிந்த விதத்தைச் சொல்கிறேன். நம் வண்டியின் 1489 சிசி என்ஜினுக்கு வழக்கமான தெர்மோஸ்டாட் 82 டிகிரியில் திறக்க ஆரம்பிக்கும். 'சீக்கிரம் ஓடினால் நல்லதுதானே' என்று நான் 82–77 ஸ்விட்ச் ஒன்றை வாங்கி ரேடியேட்டரின் மேல் தொட்டியில் மாட்டினேன். தெர்மோஸ்டாட்டைத் தாண்டி மேல் தொட்டிக்கு வருகிற தண்ணீரே 82-க்கு மேல்தான் இருக்கும். அது 77-க்கு எங்கே இறங்குவது? ஒரு முறை ஓட ஆரம்பித்த ஃபேன் நிற்கவே இல்லை. இரவு, மழை, ஹெட்லைட், வைப்பர் எல்லாம் சேர்ந்து ஒரு ரயில்வே கேட்டில் இருபது நிமிடம் நின்றேன். ஹெட்லைட் மஞ்சளாகி, பிறகு சிவந்து, என்ஜினும் அணைந்தது. டைனமோ நல்ல வேகத்திலேயே 20 ஆம்பியரைச் சுற்றித்தான் தரும். ஐடிலில், அதாவது வண்டி நின்று என்ஜின் மட்டும் மெதுவாக ஓடும்போது, அநேகமாக ஒன்றும் தராது. ஃபேன் தேவைப்படுவதோ ஐடிலில்தான். அதனால் தேவையில்லாமல் ஓடுகிற ஒவ்வொரு நிமிடமும் பேட்டரியிலிருந்துதான் போகிறது. முடிந்தால் முதலில், ஐடிலிலும் கரண்ட் தருகிற ஆல்டர்னேட்டருக்கு மாறுங்கள். மாருதி வண்டிகளின் ஆல்டர்னேட்டரைப் பொருத்தித் தரும் மெக்கானிக்குகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

அப்புறம், உங்கள் வண்டியில் தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று திறந்து பார்த்துவிடுங்கள். 'நம்ம ஊர் வெயிலுக்கு இது எதற்கு' என்று யாராவது எப்போதோ எடுத்துப் போட்டிருக்கலாம். அது இல்லாமல் மேலே சொன்ன கணக்கு எதுவும் நிற்காது.

ஸ்விட்ச்சை வைக்கும் இடத்தைப் பொறுத்தும் எண் மாறும். மேல் தொட்டியில் அல்லது மேல் ஹோஸில் வைத்தால் என்ஜினை விட்டு வரும் சூட்டை அப்படியே படிக்கும். அங்கே 92–87 சரி. கீழ்த் தொட்டியில் ஆறி வந்த தண்ணீர்தான் இருக்கும். அங்கே அதே 92-ஐ மாட்டினால் ஃபேன் ஓடுவதற்குள் மேலே கொதி வந்துவிடும். நான் முதலில் வாங்கிய 82–77 அந்த இடத்துக்கு ஏற்றது. புது வண்டியிலிருந்து கழற்றிய ஸ்விட்ச்சை வாங்குவதானால், அது அந்த வண்டியில் எங்கே இருந்தது என்று கேட்டு வாங்குங்கள்.

வகையைப் பொறுத்தவரை என் ஓட்டு, மரை போட்ட சாதாரண இரண்டு பின் ஸ்விட்ச்சுக்கே. 22 மில்லி, 1.5 பிட்ச் மரை சுலபமாகக் கிடைக்கும். ரேடியேட்டர் பட்டறையில் மேல் தொட்டியில் அதற்கு ஒரு பித்தளை நட்டை ஈயம் வைத்துப் பற்றிக் கொடுப்பார்கள். தொட்டியைத் தொட மனமில்லை என்றால், மேல் ஹோஸை வெட்டி நடுவில் சொருகும் அலுமினியக் குழாய் இருக்கிறது. ஒற்றைப் பின் ஸ்விட்ச் பாடி வழியாக எர்த் எடுக்கும். மரையில் டெஃப்லான் டேப் சுற்றினால் அந்த எர்த் கெட்டுப்போகலாம், ரப்பர் ஹோஸுக்கு நடுவில் இருந்தால் எர்த்தே கிடையாது. ரேடியேட்டர் இதழ்களுக்கு நடுவே கம்பி செருகும் டிஜிட்டல் வகையில் செருகின ஆழத்துக்கு ஏற்ப எண் மாறுகிறது, குலுங்கலில் கம்பி நழுவுகிறது. ஹோஸ் வாயில் மெல்லிய செம்புக் குழாயை நுழைக்கும் வகையில் சூட்டை நாமே திருகி வைக்கலாம். ஆனால் அந்த இடத்தில் தண்ணீர் கசிவதைப் பார்த்திருக்கிறேன்.

மாட்டுவதற்கு முன் வீட்டிலேயே சோதித்துவிடுங்கள். பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, ஸ்விட்ச்சின் பித்தளைப் பகுதி மட்டும் முங்கும்படி கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள். அடியைத் தொடக் கூடாது. பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர், பின்கள் இரண்டிலும் மல்டிமீட்டர். சின்னத் தீ போதும். என்னுடைய 92–87, 91-ல் 'டிக்' என்று ஒரு சத்தம் கொடுத்தது, மீட்டர் கத்தியது. அடுப்பை அணைத்தபின் 86-ல் இன்னொரு டிக். ஊட்டியில் இருப்பவர்கள் இந்தச் சோதனையைச் செய்ய முடியாது. அந்த உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். வண்டிக்குள் கதை வேறு. ரேடியேட்டரின் 7 பவுண்டு அழுத்த மூடி நன்றாக இருந்தால் சமவெளியில் வெறும் தண்ணீரே சுமார் 111 வரை தாங்கும். அதனால் 92-ஐக் கண்டு பயப்பட வேண்டாம்.

வயரிங்கில் கண்டிப்பாக ரிலே (சின்னக் கரண்டைக் கொண்டு பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் ஸ்விட்ச்) போடுங்கள். ஃபேனின் கரண்ட் முழுவதும் ஸ்விட்ச் வழியாகப் போனால் அதன் காண்டாக்ட் சீக்கிரமே கருகிவிடும். பேட்டரியிலிருந்து 20 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக ரிலேயின் 30 என்று எண் போட்ட பின், அங்கிருந்து 87-ஆம் பின் வழியாக ஃபேன். 86-ஆம் பின்னுக்கு இக்னிஷன் லைன், 85-ஆம் பின்னிலிருந்து தெர்மோ ஸ்விட்ச் வழியாக எர்த். அந்த ஸ்விட்ச்சுக்கு இணையாக டாஷ்போர்டில் ஒரு சாதாரண சுவிட்சும் வையுங்கள். தெர்மோ ஸ்விட்ச் என்றாவது பழுதானால் விரலால் தட்டி ஃபேனை ஓட்டி வீடு வந்து சேரலாம். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது, தண்ணீர் 92-ஐத் தொடும் முன்பே நான் அதைப் போட்டுவிடுவேன்.

எல்லாம் முடிந்ததும் வண்டியை நிறுத்தியபடியே ஐடிலில் ஓடவிட்டுப் பாருங்கள். இப்போது என் வண்டியில், வெயில் நேரத்தில், ஃபேன் இரண்டு நிமிடம் போல ஓடும், நிற்கும், மூன்று நான்கு நிமிடம் கழித்து மறுபடி ஓடும். உங்களுடையது பத்து நிமிடம் ஆகியும் நிற்கவில்லை என்றால் ஸ்விட்ச்சை மாற்றும் முன் ரேடியேட்டரில் அடைப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.