இங்கிலாந்துக்கு ஒரு நன்றிக் கடிதம்

கேள்வி: பி.காம். முடித்து மதுரையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். மூன்று வருடமும் என் காலேஜ் ஃபீஸைக் கட்டியவர்கள், எங்கள் ஊரில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய ஒரு பெரியவரும் அவர் மனைவியும். அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. அதனால் இரண்டு பேருக்கும் சேர்த்து இங்கிலீஷில் நன்றிக் கடிதம் எழுதி, இதோடு வைத்திருக்கிறேன். சரியாக இருக்கிறதா? கடைசியில் தம்பியின் படிப்புக்கும் உதவி கேட்டிருக்கிறேன். கேட்கலாமா? - வாசகி, மேலூர்.

பதில்: அன்புத் தங்கைக்கு, வேலை கிடைத்ததற்கு முதலில் வாழ்த்துகள். கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். 'ரெஸ்பெக்டட் சார், ஐ தேங்க் டு யுவர் குட்செல்ஃப் ஃபார் தி கைண்ட் ஹெல்ப் ரெண்டர்ட் டு மீ' என்று தொடங்கி 'தேங்கிங் யூ, யுவர்ஸ் ஒபீடியன்ட்லி' என்று முடித்திருக்கிறீர்கள். இது மனு எழுதுகிற இங்கிலீஷ். உங்களைக் குறை சொல்லவில்லை, பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லிக் கொடுத்த கடிதங்களை நினைத்துப் பாருங்கள், ஹெட்மாஸ்டருக்கு லீவ் லெட்டர், பேங்க் மேனேஜருக்கு விண்ணப்பம், தெருவிளக்கு எரியவில்லை என்று கமிஷனருக்கு ஒன்று, எல்லாமே மேலே இருப்பவரிடம் எதையாவது கேட்கிற கடிதங்கள்தான். கிடைத்த பிறகு எழுதுகிற கடிதத்தை யாரும் சொல்லித் தரவில்லை. அதனால் மனசு நிறைய நன்றி இருந்தும் கை மனு எழுதுகிறது.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிய குறையாகப் பட்டது இலக்கணம் இல்லை. 'கைண்ட் ஹெல்ப்' என்றால் என்ன உதவி? எத்தனை வருடம் ஃபீஸ் கட்டினார்கள் என்றோ, நீங்கள் என்ன படித்தீர்கள் என்றோ, எங்கே வேலைக்குப் போகிறீர்கள் என்றோ முழுப் பக்கத்தில் ஒரு வரி இல்லை. நம் பக்கத்துக் காதுகுத்தில் மொய் எழுதும்போது பேர், ஊர், தொகை மூன்றையும் மைக்கில் சொல்வார்கள், 'ஒரு நல்லவர் நல்ல தொகை கொடுத்தார்' என்று யாராவது சொல்வார்களா? இங்கிலீஷ் நன்றிக்கும் அந்த விவரம் வேண்டும். என்ன செய்தார்கள், அதனால் உங்களுக்கு என்ன ஆனது, இந்த இரண்டும் வந்துவிட்டால் 'ஹார்ட்ஃபெல்ட்', 'சின்சியர்', 'இம்மென்ஸ்' எதுவும் தேவைப்படாது. மேலூரிலிருந்து தினமும் பஸ் பிடித்து மாட்டுத்தாவணியில் இறங்கிக் காலேஜுக்குப் போனதாக எனக்கு எழுதிய குறிப்பில் சொல்லியிருக்கிறீர்களே, அதை எனக்கு எழுதி என்ன பயன், அவர்களுக்கு எழுதுங்கள். அந்தப் பெரியவருக்கு அந்த ரோடு கண்ணில் தெரியும்.

இனி இலக்கணம். 'தேங்க்' வினைச்சொல்லாக வரும்போது ஆளுக்கு முன்னால் 'டு' போடக் கூடாது. தமிழில் 'உங்களுக்கு நன்றி' என்கிறோம், அந்த 'க்கு' நம்மை அறியாமல் உள்ளே வந்துவிடுகிறது. 'ஐ தேங்க் யூ' போதும், வெறும் 'தேங்க் யூ' இன்னும் இயல்பு. எழுதும்போது அது இரண்டு சொல், நடுவில் இடம் விடுங்கள், நீங்கள் மூன்று இடத்தில் ஒட்டி எழுதியிருக்கிறீர்கள். எதற்காக என்று சொல்ல 'ஃபார்', அதற்குப் பின் வினைச்சொல் வந்தால் 'இங்' சேர்ந்துதான் வரும்: 'தேங்க் யூ ஃபார் பேயிங் மை காலேஜ் ஃபீஸ்'. நீங்கள் எழுதியபடி 'ஃபார் பெய்ட்' வராது.

'கிரேட்ஃபுல்' என்றால் ஆளுக்கு 'டு' உண்டு, காரியத்துக்கு 'ஃபார்': 'ஐ அம் கிரேட்ஃபுல் டு யூ போத் ஃபார் யுவர் சப்போர்ட்'. நீங்கள் போட்டிருக்கிற 'தேங்க்ஃபுல்' தப்பு என்று சொல்ல மாட்டேன், ஆனால் அது பெரும்பாலும் 'அப்பாடா, நல்லவேளை' என்கிற நிம்மதியைச் சொல்ல வருவது. ஒருவர் செய்த உதவிக்கு 'கிரேட்ஃபுல்'தான் பொருத்தம். அப்புறம் 'தேங்க்ஸ் டு யூ, ஐ ஹாவ் எ டிகிரி' என்ற வரியில் 'டு' சரியாகவே இருக்கிறது, ஏனென்றால் அங்கே அர்த்தம் 'உங்களால்தான்' என்பது. அதை விட்டுவிடுங்கள், உங்கள் கடிதத்திலேயே நல்ல வரி அதுதான்.

'யூ ஆர் அவர் காட்' என்ற வரியை எடுத்துவிடுங்கள். நேரில் கையைக் கூப்பி 'நீங்கள் எங்களுக்குக் குலதெய்வம் மாதிரி' என்றால் இங்கே யாருக்கும் உறுத்தாது, அதில் பொய்யும் இல்லை. அதையே அந்த அம்மா இங்கிலீஷில் படித்தால் கூச்சப்படுவார், என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் திகைப்பார். 'யூ சேஞ்ச்டு மை லைஃப்' என்று எழுதுங்கள். உங்கள் விஷயத்தில் அது எழுத்துக்கு எழுத்து உண்மை.

'தேங்கிங் யூ' பழைய பிரிட்டிஷ் வியாபாரக் கடிதத்தின் மிச்சம். 'தேங்கிங் யூ, ஐ ரிமெய்ன், யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி' என்று ஒரே வாக்கியமாக இருந்ததில் நடுத்துண்டு போய்விட்டது, நாம் தலையை மட்டும் வைத்திருக்கிறோம். நம் ஆபீஸ்களில் ஓடும், அங்கே பழசாகவும் பாதியில் நின்றதாகவும் தெரியும். 'ஒபீடியன்ட்லி'யும் வேண்டாம், நீங்கள் அவர்களுக்குக் கீழ்ப்படிந்து வேலை செய்யவில்லை. பெயர் சொல்லித் தொடங்கும் கடிதத்துக்கு பிரிட்டிஷ் வழக்கம் 'யுவர்ஸ் சின்சியர்லி', பெயர் தெரியாமல் 'டியர் சார் ஆர் மேடம்' என்று எழுதினால்தான் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி'. தொடக்கத்தில் 'டியர்' போட்டு இரண்டு பேர் பெயரும் எழுதுங்கள். 'சார்' மட்டும் எழுதினால் அந்த அம்மா எங்கே போனார்?

தம்பி விஷயம். கேட்பதில் தப்பில்லை, இந்தக் கடிதத்தில் கேட்பதுதான் தப்பு. மூன்று பத்தி நன்றி சொல்லிவிட்டு நான்காவதில் 'மை பிரதர் ஆல்சோ' என்று வந்தால், முதல் மூன்றும் அதற்குப் போட்ட பீடிகை என்றே தோன்றும். அதுவும் அந்தப் பத்தியை 'தேங்க்ஸ் இன் அட்வான்ஸ்' என்று முடித்திருக்கிறீர்கள், அவர்கள் சரி என்று சொல்வதற்கு முன்பே சம்மதம் வாங்கிவிட்டது போல இருக்கிறது. நன்றிக் கடிதம் தனியாகப் போகட்டும். அவர்கள் பதில் எழுதிய பிறகு, கொஞ்ச நாள் விட்டு, தம்பியின் மார்க் என்ன, எந்தக் கோர்ஸ், எவ்வளவு ஃபீஸ், உங்கள் சம்பளத்தில் நீங்கள் எவ்வளவு கட்ட முடியும், இதையெல்லாம் வைத்து வேறு கடிதம் எழுதுங்கள். அங்கே 'ஐ வுட் பி கிரேட்ஃபுல் இஃப் யூ குட் ஹெல்ப்' என்று வரும். அந்த 'வுட் பி' வந்தாலே அது நன்றி இல்லை, மரியாதையாகக் கேட்பது. நன்றிக் கடிதத்தில் 'ஐ அம்' மட்டும்தான்.

இப்படி எழுதிப் பாருங்கள், வரிகளை உங்கள் விருப்பம்போல் மாற்றிக்கொள்ளலாம்:

'தேங்க் யூ ஃபார் பேயிங் மை காலேஜ் ஃபீஸ் ஃபார் த்ரீ இயர்ஸ். ஐ ஹாவ் பாஸ்ட் மை பி.காம்., அண்ட் ஐ நௌ வொர்க் இன் அன் ஆடிட்டர்ஸ் ஆபீஸ் இன் மதுரை. ஐ டிராவல்டு பை பஸ் ஃப்ரம் மேலூர் எவ்ரி டே, அண்ட் ஐ நெவர் ஹேட் டு வொரி அபவுட் தி ஃபீஸ். தேங்க்ஸ் டு யூ, ஐ ஹாவ் எ டிகிரி. யூ சேஞ்ச்டு மை லைஃப், அண்ட் ஐ அம் வெரி கிரேட்ஃபுல் டு யூ போத்.'

இவ்வளவு போதும், இழுக்க வேண்டாம். அம்மா அப்பா சொல்லச் சொன்னது ஏதாவது இருந்தால் 'மை பேரன்ட்ஸ் சென்ட் தெயர் தேங்க்ஸ் டூ' என்று ஒரு வரி சேர்க்கலாம், வீட்டில் கேட்டுப் பாருங்கள், ஃபீஸ் கட்ட வேண்டிய மாதத்தில் அவர்கள் எவ்வளவு தவித்திருப்பார்கள் என்பது உங்களுக்கே தெரியும். ஈமெயில் வேண்டாம், நல்ல தாளில் கையால் எழுதுங்கள். பட்டமளிப்பு விழா போட்டோ இருந்தால் ஒரு பிரதி வையுங்கள், பின்பக்கம் உங்கள் பெயரும் வருடமும் இருக்கட்டும். அடியில் பெரியவருக்கென்று தமிழில் இரண்டு வரி எழுதுங்கள், அந்த அம்மாவுக்கு அவரே படித்துச் சொல்லிவிடுவார். அந்தத் தமிழை நான் திருத்த வேண்டியதில்லை, எனக்கு அனுப்பாமல் நேரே தபாலில் போட்டுவிடுங்கள்.